ஆயனுக்கு அடைத்த கதவு

மாடு என்னும் சொல்லுக்குத் தமிழில் செல்வம் என்னும் பொருளும் உண்டு. கல்வி அதிகாரத்தின் இறுதிக் குறளில் திருவள்ளுவர் அச்சொல்லை அப்பொருளிலேயே ஆண்டிருக்கின்றார். இலத்தீன் மொழியிலும் ஆநிரையைக் குறித்த சொல்லிலிருந்தே பணத்தைக் குறிக்கும் சொல் பிறந்தது. ஆயின், மாட்டையும் கல்வியையும் ஒரே குறளில் வைத்து எடைபோட்ட மொழிக்குரிய மக்கள், மாடு மேயும் நிலத்தைப் பற்றிய உயர்கல்வியை மாடு மேய்ப்பவன் மொழியில் இன்றுவரை வழங்கவில்லை. இதனினும் பெரிய முரண் வேறு யாதுளது?

இங்குப் பேசப்படுவது கால்நடை மருத்துவம் அன்று. அதற்குக் கல்லூரிகள் உள, பல்கலைக்கழகமும் உளது. பேசப்படுவது மேய்ச்சல்நில மேலாண்மை என்னும் தனித்துறை. எம்மண்ணில் எப்புல் நிற்கும். அப்புல்லை எத்தனை வாய் கடிக்கலாம். எத்தனை நாள் மேய்ந்தபின் எத்தனை நாள் நிலத்தை ஆறப்போடுவது. மழை பொய்த்தால் நிரையை எத்திசையில் நடத்துவது. வந்தேறிய முட்செடி எப்புல்லைக் கொல்லும். கொன்றபின் அந்நிலத்தை மீட்பது எவ்வாறு என்பனவற்றை அளந்தும் எண்ணியும் ஆராய்வது அத்துறை. ஆர்தர் சாம்சன் என்னும் அமெரிக்கப் பேராசிரியர் 1923ஆம் ஆண்டில் இதற்கு முதற் பாடநூல் எழுதினார். 1948ஆம் ஆண்டில் அந்நாட்டில் இதற்கெனத் தனிக் கழகமே தோன்றிற்று. நிலவுலகின் தரைப்பரப்பில் பாதிக்கு மேல் மேய்ச்சல் நிலமே என்று கணக்கிட்டுள்ளனர். மங்கோலிய நாடு முன்மொழிந்ததை ஏற்று, 2026ஆம் ஆண்டை, அஃதாவது திருவள்ளுவர் ஆண்டு 2057ஐ, மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்க்கும் உரிய பன்னாட்டு ஆண்டு என ஒன்றிய நாடுகள் அவை 2022ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. உலகம் இத்துறைக்கு ஓராண்டையே ஒதுக்கியது. தமிழ்நாடு ஒரு பாடநூலையேனும் ஒதுக்க வேண்டாவா?

பிறர் செய்தது

ஆத்திரேலிய நாட்டின் நிலப்பரப்பில் நான்கில் மூன்று பங்கு மேய்ச்சல் நிலம். அங்கு ஒரு பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையே நூறு கிலோமீட்டர் இருப்பதும் உண்டு. பண்ணையை விட்டுவிட்டு நகரத்துக் கல்லூரியில் ஈராண்டு அமர்ந்திருக்க எவனாலும் இயலாது. மாடு காத்திருக்காது, புல்லும் காத்திருக்காது. எனவே அவர்கள் மாணவனைக் கல்லூரிக்கு இழுக்காமல், கல்லூரியை மாணவனிடம் அனுப்பினர். 1951ஆம் ஆண்டில் ஆலிசு சுபிரிங்சு என்னும் ஊரிலிருந்து, தொலைப் பண்ணைகளில் வாழும் சிறுவர்க்கு வானொலி வழியாகவே பள்ளி நடத்தத் தொடங்கினர். அவ்வழக்கம் வளர்ந்த நாட்டில், குயின்சுலாந்துப் பல்கலைக்கழகம் தன் கேட்டன் வளாகத்திலிருந்து மேய்ச்சல்நில மேலாண்மையில் முதுநிலைப் படிப்பைத் தொலைவழியில் நடத்தியதில் வியப்பில்லை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் மேய்ச்சல்நில அறிவியலில் இளநிலைப் பட்டத்தை இணையவழியிலேயே அளிக்கின்றது.

இதனைப் படிக்கும் தமிழர் பலர், அஞ்சலையும் இணையத்தையும் கண்டு வியந்து நின்றுவிடுவர். வியக்கத்தக்கது அஃதன்று. குயின்சுலாந்துப் பண்ணைக்காரன் தன் வீட்டுத் திண்ணையில் பிரித்துப் படித்த பாடம், அவன் தன் மனைவியோடும் வேலையாளோடும் பேசும் மொழியில் இருந்தது. காலையில் படித்ததை மாலையில் புல்வெளியில் ஓட்டிப் பார்க்க அவனுக்கு இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டப்படவில்லை. தொலைவு என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை, மொழியிலும் உண்டு. அவர்கள் இரண்டு தொலைவையும் ஒருங்கே கடந்தனர். அந்நிலத்தின் முதற்குடிகளுக்கு அவர்கள் அதே நயன்மையைச் செய்யவில்லை என்பதும் உண்மை. அக்குடிகளின் நிலமும் பறிபோயிற்று. மொழிகள் பலவும் மாண்டன. அதுவும் தமிழர்க்குப் பாடமே. எவன் மொழியில் நிலத்தைப் பற்றிய அறிவு எழுதப்படுகின்றதோ, அவன் கையில் நிலம் நிற்கின்றது.

இங்குள்ள நிலை

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கின்படி ஏறத்தாழ 95 இலக்கம் மாடுகளும், 45 இலக்கம் செம்மறிகளும், 99 இலக்கம் வெள்ளாடுகளும் இருந்தன. அரசின் நிலக்கணக்கில் நிலையான மேய்ச்சல் நிலம் என்று குறிக்கப்பட்டிருப்பதோ, மாநிலப் பரப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. எஞ்சிய தீனியெல்லாம் தரிசிலும், அறுவடைத் தாளிலும், ஏரி உள்வாயிலும், காட்டோரத்திலும் ஆயனும் இடையனும் நடந்து நடந்து தேடிக் கொள்வது. இத்துணைப் பெரிய செல்வத்தை இத்துணைச் சிறிய நிலத்தில் காப்பதற்கு எத்துணை நுண்ணறிவு வேண்டும்! அவ்வறிவை வளர்க்க வேண்டிய கல்வி எங்கே?

புல்நிலத்திற்கும் தீவனத்திற்கும் எனச் சான்சி நகரில் 1962ஆம் ஆண்டு முதல் நடுவண் ஆய்வு நிறுவனம் ஒன்று இயங்குகின்றது. அதன் ஆய்வுரைகள் ஆங்கிலத்தில் அச்சாகின்றன. சிவகங்கைப் புலிக்குள மாட்டு மந்தைக்காரனுக்கு அவை நிலவில் இருப்பனபோல. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உழவர்க்குத் தமிழிலேயே தொலைவழிச் சான்றிதழ்ப் படிப்புகளை நடத்தியிருக்கின்றது. அது பாராட்டத்தக்கது, தமிழால் இயலும் என்பதற்குச் சான்றும் ஆகும். ஆனால் சான்றிதழ் என்னும் திண்ணையோடு தமிழ் பெரும்பாலும் நிறுத்தப்படுகின்றது. பட்டம் என்னும் வீட்டினுள், அதற்குமேல் முதுநிலை என்னும் மாடியில், ஆங்கிலமே பெரும்பாலும் குடியிருக்கின்றது. இதற்கு மேலும் ஒரு பூட்டாக, வேளாண்மைப் பட்டப்படிப்புகளைத் தொலைவழியில் நடத்தலாகாது எனப் பல்கலைக்கழக நல்கைக் குழு 2019ஆம் ஆண்டில் தடை விதித்தது. செய்முறை இன்றிப் பட்டம் தரலாகாது என்பது அதன் கருத்து. சென்னையில் அடுக்குமாடியில் இருப்பவன் அஞ்சலில் வேளாண்மை படித்தால் அத்தடை பொருந்தும். ஆண்டில் முந்நூறு நாள் மந்தையோடு நடப்பவனுக்குச் செய்முறை இல்லை என்று தில்லி சொல்வது, மீனுக்கு நீச்சல் தெரியாது என்று கரையில் நிற்பவன் சொல்வது போலாம்.

பாழ் என்று பெயரிட்டவர் யார்?

இக்கல்வி இல்லாமையால் விளைந்த கேடு சிறிதன்று. வரி கொடுக்காத நிலமெல்லாம் பாழ் என்பது ஆங்கிலர் ஆட்சியின் நிலக்கணக்கு. உழுத நிலம் வரி தந்தது. மேய்ந்த நிலம் பால் தந்தது, எரு தந்தது, உழவுக்கு எருது தந்தது. ஆனால் வரி தரவில்லை. ஆகவே அது பாழ். ஆங்கிலர் போயினர், அக்கணக்கு போகவில்லை. 1985ஆம் ஆண்டில் பாழ்நில மேம்பாட்டிற்கென நடுவண் வாரியம் அமைந்தது. பின்னர் வெளிவந்த இந்தியப் பாழ்நிலப் படத்தொகுப்பிலும் நலிந்த மேய்ச்சல் நிலங்கள் பாழ்நிலத்தின் ஒரு வகையாகவே இடம்பெற்றன. ஒருவன் வயிற்றுப்பாட்டைப் பாழ் என்று முதலில் எழுதிவிட்டால், பின்னர் அதை எவர்க்கும் கொடுத்துவிடலாம். தொழிற்பேட்டைக்குக் கொடுக்கலாம், மனைப்பிரிவுக்குக் கொடுக்கலாம், குப்பை கொட்டவும் கொடுக்கலாம். சென்னையில் மந்தைவெளி என்னும் பெயர் இன்றும் இருக்கின்றது. மந்தையும் இல்லை, வெளியும் இல்லை.

நீலமலையின் உச்சியில் சோலைக்காட்டுக்கும் சோலைக்காட்டுக்கும் இடையே பரந்திருந்த புல்வெளி, தோடர்தம் எருமைகளுக்கு உணவாக இருந்தது. மழைநீரை உறிஞ்சி வைத்துச் சிறுகச் சிறுக ஓடையில் விட்டதும் அப்புல்வெளியே. மரம் இல்லாத இடம் வெற்றிடம் என்று கருதிய ஆங்கிலர், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆத்திரேலியச் சீகையையும் தைலமரத்தையும் கொண்டுவந்து நட்டனர். விடுதலைக்குப் பின்னரும் அந்நடவு பெருகிற்று. சீகை தானே பரவிப் புல்லை மூடிற்று. இன்று அம்மரங்களை அகற்றிப் புல்வெளியை மீட்கப் பாடுபடுகின்றனர். எது புல்லுக்குரிய நிலம் என்பதைத் தோடரிடம் கேட்டிருந்தால், இவ்விரட்டை வேலை வந்திருக்குமா?

வடமேற்கே கச்சுப் பகுதியில் பன்னி என்னும் பெரும்புல்வெளி உளது. உவர்நிலம் பரவுவதைத் தடுக்கவென 1960களில் அங்குச் சீமைக் கருவேலை விதைத்தனர். அம்மரம் புல்வெளியின் பெரும்பகுதியை விழுங்கிற்று; எருமை வளர்க்கும் மால்தாரி மக்கள் மேய்ச்சல் இழந்து திகைத்தனர். அதே சீமைக் கருவேல் இராமநாதபுரத்தில் என்ன செய்தது என்பதைத் தமிழர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி, 2022ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடந்ததைக் காண்க. சென்னை உயர் வழக்குமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலை முதலில் தடைசெய்தது. பின்னர் அத்தடையை நாட்டுப் பூங்காக்கள், விலங்குப் புகலிடங்கள், புலிக் காப்பகங்கள் ஆகியவற்றின் அளவில் நிறுத்தியது. காட்டில் மேய்க்கும் உரிமையை 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் ஏற்றிருக்கின்றது. காடும் காக்கப்பட வேண்டும். புலியும் காக்கப்பட வேண்டும். அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இத்தகைய வழக்குகளில், இந்தக் காட்டில் இத்துணைப் புல் விளைகின்றது, இத்தனை பருகூர் மாடுகள் இத்தனை திங்கள் மேய்ந்தால் இன்னது குறையும், இன்னது குறையாது என்று அளந்து எடுத்துரைக்கும் வல்லுநர் மேய்ப்பர் குடியிலிருந்து எத்தனை பேர் எழுந்துள்ளனர்? உரிமை சட்டத்தில் இருந்தால் போதாது. அதை நிறுவும் அறிவு உரியவன் கையில் இருக்க வேண்டும்.

ஆயனிடம் அறிவில்லையா?

பட்டமில்லை என்பதால் அறிவில்லை என்று சொல்வார் காங்கேய நாட்டுக்குச் சென்று கொறங்காட்டைப் பார்க்க வேண்டும். மழை குறைந்த அம்மண்ணில், கிளுவையால் உயிர்வேலி கட்டி, நிலத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, ஊடே வெள்வேல மரங்களை நிறுத்தி, ஒரு பகுதியில் மேய்க்கும்போது மறுபகுதியை ஆறவிட்டு வருகின்றனர். புல் வற்றும் கோடையில் வெள்வேலின் நெற்று ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகின்றது. மரமும் புல்லும் மாடும் ஒருங்கு வாழும் இவ்வமைப்பை மேலைநாட்டார் தம் பாடநூல்களில் தனி இயலாக வைத்துக் கற்பிக்கின்றனர். காங்கேய நாட்டார் அதைத் தம் தோட்டமாக வைத்திருக்கின்றனர்.

இராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்ததும் செம்மறி மந்தையை ஓட்டிக்கொண்டு காவிரிப் பாசன நிலங்களுக்கு நடந்து, வயல்களில் கிடை போடுகின்றனர். ஆட்டுக்குத் தாள், வயலுக்கு எரு, கீதாரிக்குக் கூலி. ஓரிடத்தில் நிலையாக இராமல் அலைவதைப் பிற்போக்கு என்று நெடுங்காலம் கற்றவர்கள் எள்ளினர். ஒரு நிலம் இத்தனை கால்நடையைத்தான் தாங்கும் என்று ஒரே எண்ணைக் குறித்துவைப்பதே அறிவியல் என்றும் நம்பினர். 1989ஆம் ஆண்டில் வெசுட்டுபி, வாக்கர், நோய்-மெயர் என்னும் மூன்று அறிஞர்கள், மழை நிலையில்லாத வறண்ட நாட்டில் புல்வெளி ஒரே நேர்கோட்டில் வளர்வதோ தேய்வதோ இல்லை. மழை, தீ, மேய்ச்சல் ஆகியவற்றிற்கேற்ப அது ஒரு நிலையிலிருந்து வேறொரு நிலைக்குத் தாவும். எனவே காலமறிந்து வாய்ப்பைப் பற்றிக்கொள்வதே மேய்ச்சல் மேலாண்மை என்று எழுதினர். மழை பார்த்து மந்தையை நடத்து என்பதை ஆங்கிலத்தில் எழுதினால் ஆராய்ச்சி. கீதாரி தமிழில் சொன்னால் நாடோடித்தனமா?

மூன்று மறுப்புகள்

இக்கருத்துக்கு எதிராக மூன்று மறுப்புகளை எப்போதும் எடுத்துவைப்பர்.

தமிழில் கலைச்சொல் இல்லை என்பது முதலாவது. அகத்தே வயிரம் உடையதை மரம் என்றும் புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் நிலைத்திணையைப் பகுத்தது தொல்காப்பியம். விலங்குகளின் இளமைக்கும் ஆண்மைக்கும் பெண்மைக்கும் உரிய பெயர்களை வகைப்படுத்தியதும் அதே மரபியல். காங்கேய மாட்டின் நிறத்தை மயிலை, காரி, செவலை, பிள்ளை என்று நாட்டார் வேறுபடுத்துவர். மந்தை, நிரை, கிடை, பட்டி, தொழு என ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் உண்டு. ஒரு நிலம் எத்துணை வாயைத் தாங்கும் என்பதற்குத் தாங்குதிறன். அளவுக்கு மீறி மேய்த்தலுக்கு மிகைமேய்ச்சல். பகுதி மாற்றி மேய்த்தலுக்குச் சுழல்மேய்ச்சல். ஆண்டுதோறும் வேரிலிருந்து தழைப்பதற்குப் பல்லாண்டுப் புல் என்று சொன்னால் எந்த ஆயனுக்கு விளங்காது? இல்லாதது சொல் அன்று, மனம்.

ஆங்கிலம் அறியாமல் உலக ஆய்வுகளைப் படிக்க இயலாது என்பது இரண்டாவது. படிக்கட்டும், ஆங்கிலத்தையும் கற்கட்டும். கருவியாக அதைக் கொள்வதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் கருவி வேறு, வாயிற்காவலன் வேறு. கிணற்றில் நீர் எடுக்கக் கயிறு வேண்டும். அக்கயிற்றாலேயே கிணற்றின் வாயைக் கட்டிவைப்பது அறிவுடைமையா? அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடவியலையும் எந்திரவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. எந்திரத்தைத் தமிழில் பேசலாம், எருமையைப் பேசலாகாதோ?

மேய்ப்பவனுக்கு முதுநிலைக் கல்வி எதற்கு, அவனிடம் முதற் பட்டமே இல்லையே என்பது மூன்றாவது. இதுவே மூன்றிலும் நஞ்சு மிக்கது. ஏனெனில் இதில் பிறப்பின் வாடை அடிக்கின்றது. ஆயர் குடியிலும் கிடைகாரர் குடியிலும் பட்டம் பெற்ற பிள்ளைகள் இன்று ஊர்தோறும் உளர். ஆசிரியராக, கால்நடை ஆய்வாளராக, ஊராட்சிச் செயலராக வேலை பார்த்துக்கொண்டே தந்தையின் பட்டியையும் பார்த்துக்கொள்கின்றனர். வேலையையும் பட்டியையும் விட்டுவிட்டு நகரில் தங்கிப் படிக்க அவர்களால் இயலாது. தொலைவழி முதுநிலைக் கல்வி அவர்களுக்கென்றே ஆனதுபோன்றது. பட்டமில்லாத முதியவர்க்கும் வழியுண்டு. இங்கிலாந்தின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971ஆம் ஆண்டில் பாடம் தொடங்கியபோது, முன் தகுதி எதுவும் கேளாமலேயே மாணவரைச் சேர்த்துப் பட்டப்படிப்பு நடத்திற்று. அதனால் அந்நாட்டுக் கல்வி இடிந்து வீழ்ந்துவிடவில்லை.

புலவர்க்கும் பங்குண்டு

பழியை முற்றும் தில்லியின் மீதும் ஆங்கிலத்தின் மீதும் சுமத்திவிட்டு அமைதியுறல் தமிழர்க்கு அழகன்று. முல்லைத் திணையை மேடைதோறும் முழங்கும் தமிழ்ப் புலவர்களுள், கொழுக்கட்டைப் புல்லையும் ஊசிப் புல்லையும் வேறுபடுத்திக் காட்ட வல்லவர் எத்தனை பேர்? ஆயர் வாழ்வைப் பாட்டில் கண்டு உருகுவார். பாட்டின் பொருளாகிய ஆயன் தெருவில் மந்தையோடு வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்வார். கழக இலக்கியத்தின் புல்லுக்கு உரை எழுதுவார். வயலோரத்துப் புல்லுக்குப் பெயர் கேட்டு எழுதிவைக்க மாட்டார். கீதாரி ஒருவன் மறையும்போது நூற்றுக்கணக்கான சொற்கள் அவனோடு மண்ணுக்குள் போகின்றன. அச்சொற்களைத் தொகுக்காமல், புதுச்சொல் ஆக்கக் குழு அமைத்து நகரில் அமர்ந்திருப்பது மொழிப்பற்று ஆகாது. தமிழைக் காப்பது என்பது ஏட்டிலுள்ள தமிழை மட்டும் காப்பதன்று. பட்டியிலும் கிடையிலும் வாழும் தமிழைக் காப்பதுமாகும்.

செய்ய வேண்டுவது

தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கின்றது. 2002ஆம் ஆண்டு முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கின்றது. ஒன்றிடம் பொருளறிவு உண்டு. மற்றொன்றிடம் தொலைவழிக் கற்பிக்கும் பழக்கம் உண்டு. இரண்டும் கைகோத்து, மேய்ச்சல்நில மேலாண்மையில் முதுநிலைப் பட்டயப் படிப்பு ஒன்றைத் தமிழில் தொடங்குதல் வேண்டும். காங்கேயத்துக் கொறங்காடும், பருகூர் மலையும், நீலமலைப் புல்வெளியும், இராமநாதபுரத்துக் கிடைவழியும் அதன் செய்முறைக் கூடங்களாதல் வேண்டும். பட்டறிவுடைய ஆயரும் கீதாரியும் தோடரும் அங்கே மாணவராக மட்டுமன்றி ஆசிரியராகவும் அமர்தல் வேண்டும். நல்கைக் குழுவின் தடை குறுக்கே நின்றால், தமிழ்நாட்டரசு அதை எதிர்த்து வழக்காடுதல் வேண்டும். மேய்ச்சல் புறம்போக்கைக் குறிக்கும் அரசுப் பதிவேடுகளிலிருந்து பாழ் என்னும் சொல் நீங்குதல் வேண்டும்.

இவை பெருஞ்செலவுப் பணிகள் அல்ல. ஒரு பாலம் கட்டும் தொகையில் ஒரு பாங்கொடு இப்படிப்பைப் பல்லாண்டு நடத்தலாம். குறைவது பொருளன்று, துணிவு.

மேய்ச்சல் நிலம் பேசாது. மாடும் பேசாது. அவ்விரண்டின் சார்பாகப் பேசக்கூடியவன் ஆயன் ஒருவனே. அவன் பேசினால் கேட்கும் மன்றம் இல்லை; கேட்கும் மன்றத்தின் மொழி அவனுக்கு இல்லை. அவன் மொழியில் அம்மன்றத்தின் அறிவைக் கொண்டுசெல்லாதவரை, வெளிகள் ஒவ்வொன்றாகப் பெயரளவில் நிற்கும் மந்தைவெளிகளாகும். தமிழ் உயர்கல்வி மொழியாதல் புலவர்தம் பெருமைக்காக மட்டும் கேட்கப்படுவதன்று. நிலத்தையும் நிரையையும் நம்பி வாழும் மக்களின் உயிருரிமைக்காகக் கேட்கப்படுவது. அக்கதவு திறக்கும்வரை தமிழ் மக்கள் ஓயாது தட்டுக! திறவாதெனில் பெயர்த்தெறிக!